மலைக்குள் ஒரு பீடம்



அர்ச். இராயப்பருடைய முதல் நிருபத்தின் தொடக்கத்தில் கப்பதோக்கியா என்றொரு நாட்டின் பெயர் வருகிறது. இன்றைய துருக்கி தேசத்தின் நடுப்பகுதி அது. பூர்வீகத்தில் எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி, அங்கே மிருதுவான கல்மலைகளாய் நிற்கிறது. அந்தக் கல்லைக் குடைந்துதான் ஜனங்கள் குடியிருந்தார்கள்.

7-ம் நூற்றாண்டு முதல் அராபியப் படைகள் அடிக்கடி வந்தன. அப்போது ஊரோடு பூமிக்குள் இறங்கி ஒளிவார்கள். தெரின்குயு என்ற ஊரின் கீழே அறைகள் சுமார் 85 மீட்டர் ஆழம்வரை போகின்றன. எந்திரக்கல் போன்ற வட்டக்கல்லை உள்ளிருந்து உருட்டி வழியை அடைப்பார்கள். காற்றுக்குக் கிணறுபோன்ற துவாரம், மாடுகளுக்குத் தொழுவம், தானியத்துக்குக் களஞ்சியம். உயிர் பிழைக்க இவ்வளவு போதுமே! ஆனால் கீழ்த்தளத்தில், சிலுவை வடிவமாய் ஒரு கோவிலையும் குடைந்து வைத்தார்கள்.

வெட்டிய கல்லையெல்லாம் அந்த ஆழத்திலிருந்து மேலே சுமக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். "சர்வேசுரன் எங்கும் இருக்கிறார், வீட்டிலிருந்தே கும்பிட்டால் ஆகாதா?" என்று ஞாயிறு காலையில் நம்மில் சிலர் கேட்பதுண்டு. அப்படிக் கேட்க யாருக்காவது நியாயமிருந்தால், அது அவர்களுக்கே. அவர்கள் கேட்கவில்லை.

கொரேமே பள்ளத்தாக்கின் மலைக்கோவில்களில் இன்னொரு விநோதம். மலையே கூரையாயிருக்க, தூண்களையும் வளைவுகளையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்தத் தூண்கள் பாரம் எதையும் தாங்கவில்லை. சில இடங்களில் அடி உடைந்து, தலைப்பாகம் மட்டும் கூரையில் தொங்குகிறது, கோவில் விழவில்லை! வீண் வேலை என்பார் கணக்குப் பார்ப்பவர். தங்கள் கோவிலும் மற்றக் கோவில்களைப்போல் இருக்க வேண்டுமென்ற ஆசைக்குக் கணக்கேது? அங்கே 'இருட்டுக் கோவில்' என்று ஒன்று உண்டு. வெயில் அதிகம் படாததால் 11-ம் நூற்றாண்டுச் சித்திரங்கள் நிறம் மங்காமல் இருக்கின்றன.

இன்று அங்கே சீட்டு வாங்கிப் பார்க்க வருவோர் ஏராளம். அன்றாடப் பூசை இல்லை. 1923-ல் கிரேக்க, துருக்கி அரசுகள் செய்த உடன்படிக்கையால் அங்கிருந்த கீழைச் சபைக் கிறிஸ்தவர்கள் ஊரைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. மலையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? புரோகோபி என்ற ஊரார், தாங்கள் அர்ச்சியசிஷ்டராக வணங்கும் ரஷ்ய அருளப்பரின் சரீரத்தை எடுத்துச் சென்றார்கள். யுத்தத்தில் பிடிபட்டு, அடிமையாய் எஜமானின் தொழுவத்தில் வாழ்ந்து, 1730-ல் மரித்தவர் அவர். எவியா தீவில் குடியேறிய இடத்துக்குப் பழைய ஊரின் பெயரையே இட்டார்கள். அவருக்கு ஒரு கோவிலும் எழுப்பினார்கள்.