துப்பாக்கி செய்த கைகள்

நாயாற்று மணலில் நின்று ஆயுதத்தைப் பற்றிச் சிந்திப்பது நமக்கு எளிதான காரியமன்று. 1984 டிசெம்பர்த் தொடக்கத்தில் இங்கும் கொக்கிளாயிலும் சிங்கள மீனவக் குடும்பங்கள் துப்பாக்கிக்கு இரையாயின. அதே மாதத்தில் இவ்வட்டாரத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து மக்களை இராணுவம் வெளியேற்றியது. சுட்டவனையும் சுடச் சொன்னவனையும் குற்றவாளி என்கிறோம். ஆயுதத்தைச் செய்துகொடுத்த தொழிலாளியை என்னென்பது? அதனையும் அவன் நிர்ப்பந்தத்தின் கீழ்ச் செய்திருந்தால்?

இக்கேள்வியைப் பிரான்சின் பயோன் நகரத்து ஆயுதத் தொழிற்சாலை நம்முன் வைக்கிறது. 'மாப் டி' என்னும் 7.65 மில்லிமீற்றர்க் கைத்துப்பாக்கி அங்கே உருவாயிற்று. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபின் அத்தொழிற்சாலை ஜேர்மானியரின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. இயந்திரங்கள் மாறவில்லை, தொழிலாளர் நேற்றுச் செய்த துப்பாக்கியையே இன்றும் செய்தனர். ஆனால் அது தம் நாட்டை ஆக்கிரமித்த படையின் இடுப்புக்குப் போயிற்று. அதன் உலோகத்தில் பயோனின் பெயரோடு ஜேர்மன் பரிசோதகரின் முத்திரையும் பதிந்தது. செய்தவன் விரும்பிச் செய்தானா, பிள்ளைகளின் பசிக்காகச் செய்தானா என்பதை எந்த முத்திரையும் சொல்லவில்லை.

மறுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பர். எங்கே போய் மறுப்பது? 1943 பெப்ரவரியில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம் இளைஞரை ஜேர்மன் ஆலைகளுக்கே இழுத்துச் சென்றது. ஆயினும் மறுப்பு நிகழாமலில்லை. 1943 ஜூலையில் சோஷோ நகரத்துப் பேஜோ ஆலையைக் குறிவைத்துப் பிரித்தானியர் வீசிய குண்டுகள் நூற்றுக்கு மேற்பட்ட குடிமக்களைக் கொன்றன. அதன்பின், மீண்டும் குண்டு விழாதிருக்க, முதலாளி குடும்பத்தின் இணக்கத்தோடு தொழிலாளரே அவ்வாண்டு நவம்பரில் தம் ஆலை இயந்திரங்களுக்கு வெடிவைத்தனர். தனித்த ஒருவனால் ஆகாத காரியம், பலர் கூடியபோது ஆயிற்று. மறுபுறம், ஜேர்மன் படைக்கு வாகனம் செய்துகொடுத்த ரெனோ நிறுவனத்தை, ஒத்துழைத்த குற்றத்தின் பேரில், 1945 ஜனவரியில் பிரெஞ்சு அரசு தேசியமயமாக்கியது.

ஆகவே, மறுப்பதற்கு ஒருவனுக்கு எவ்வளவு இடமிருந்ததோ அவ்வளவே அவன் பொறுப்பு என்போம். இலாபம் கண்டவனையும் கூலிக்குக் கடைந்தவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகாது. அதற்காகத் தொழிலாளிக்கு மனச்சாட்சியே இல்லையென்பதும் அவனை இழிவுபடுத்துவதாகும்.

இதை நாம் தொலைதேசத்துக் கதையாகக் கேட்க முடியாது. வன்னியில் இறுதிப் போர்க்காலத்தில் மண்ணரண் வெட்டக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களை நோக்கி விரல் நீட்டுமுன் கட்டளையிட்டவனைக் கேட்போம். பின்னர் நம்மையே கேட்போம்: 'மாட்டேன்' என்று ஓர் ஏழை சொல்லும்போது அவன் பக்கத்தில் நிற்க எந்தச் சங்கத்தை, எந்தத் தோழமையை நாம் கட்டிவைத்திருக்கிறோம்? அதைக் கட்டாதவரை, அடுத்த துப்பாக்கி செய்யும் கைகளைப் பழிக்கும் உரிமை நமக்குக் குறைவே.