அபயதானமும் பொச்சாவாமையும்

சிராவகர்க்கு உரிய தானங்கள் நான்கு என்று சிறுவயது முதலே கேட்டு வருகிறோம். உணவு, மருந்து, நூல் ஆகிய மூன்றையும் நம் குடும்பங்கள் இயன்ற அளவில் செய்து வருகின்றன. நான்காவதாகிய அபயதானம் மட்டும் பெரும்பாலும் பேச்சளவில் நின்றுவிட்டது. எறும்புக்கு மாவு இடுவதும், அறுக்கக் கொண்டுபோகும் ஆட்டை விலைகொடுத்து மீட்பதும் அதற்குப் போதும் என எண்ணிக்கொள்கிறோம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. திருக்கோவிலூர் வட்டாரத்தில் பள்ளிச்சந்தல், ஜம்பைப் பகுதிக் கல்வெட்டு, 'அஞ்சினான் புகலிடம்' என்ற தொடரைச் சமணப் பள்ளியோடு சேர்த்துக் குறிப்பிடுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் அபயதானத்தை விளக்குமிடத்து இதனை எடுத்துக்காட்டுகிறார். அஞ்சி வருபவனுக்கென்று ஓர் இடம், அவன் வருவதற்கு முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

2020-ஆம் ஆண்டு ஜூன் 19 முதல் சென்னையிலும் சூழ்ந்த மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வெளிவந்ததும், பிழைக்கப் போனவர்கள் பலர் சொந்த ஊர்களை நோக்கித் திரும்பினர். எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வந்தனர். ஓரிரவு ஒன்பது மணியளவில், என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்ணொருத்தி, கணவனோடும் கைக்குழந்தையோடும் என் வாசலில் நின்றாள். அவள் தாய்வீட்டுத் தெருவைச் சவுக்குக் கட்டையால் மறித்திருந்தார்கள். "டீச்சர், உங்க மாடி ரூம்ல பத்து நாள் இருந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். மாடி அறை காலியாகத்தான் இருந்தது. உள்ளே என் கணவர் எழுபத்தாறு வயதில் மூச்சிரைப்போடு படுத்திருந்தார். நான் சன்னல் வழியாகவே, "வேண்டாம்மா" என்றேன். குழந்தைக்குப் பால் காய்ச்சி வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் பன்னிரண்டு நாட்கள் ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையில் தங்கினார்கள் என்பது பின்னர் தெரிந்தது.

அவர்களுக்கு நோய் இல்லை. ஆயினும் அதைக் கொண்டு நான் செய்ததைத் தவறென்று தீர்ப்பளிப்பது சரியாகாது. இருந்திருந்தால் சரியென்று ஆகிவிடுமா? அவ்வாண்டு மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று பரவியதை நாடே கண்டது. அச்சம் பொய்யன்று. குழந்தையும் ஓருயிர், என் கணவரும் ஓருயிர். எதைக் காத்தாலும் மற்றதற்கு இடர் நேரக்கூடும் என்ற நிலையில், இன்னா செய்யாமை என்னும் விரதம் அந்த இரவில் எனக்கு வழிகாட்டவில்லை.

நெடுநாள் இதனையே எண்ணியிருந்தேன். வழிகாட்டாதது விரதமன்று, நான் அதனைக் காலந்தாழ்த்திக் கேட்டேன் என்பதே உண்மை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, முதற்கண் வைக்கிறது. (இன்று அதே சொல்லை மெச்சுவதற்கு வழங்குகிறோம், சொற்களின் வினைப்பயன் விந்தையானது.) கொல்லும் எண்ணம் இல்லாதவனும், பாராமல் நடந்தால் இம்சைக்கு உள்ளாகிறான். அந்த இரவில் எனக்கு இரண்டு வழிகள்தாம் இருந்தன. இரண்டிலும் இடர் இருந்தது. மூன்றாவது வழி இரண்டு மாதங்களுக்கு முன் இருந்தது. ஊரடங்கு மார்ச்சு 25-இலேயே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் வருவார்கள் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது? பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளைக் கேட்டுப் பெற்று, தனி நீர்த்தொட்டியும் கழிப்பறையும் அமைத்திருந்தால், நான் சன்னலுக்குப் பின்னால் நிற்க நேர்ந்திராது. திருக்குறளில் சுற்றந்தழால் என்னும் அதிகாரத்துக்கு அடுத்து வருவது பொச்சாவாமை. மாணவர்க்கு இரண்டையும் ஆண்டுதோறும் தனித்தனியே நடத்தியிருக்கிறேன். சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இது நமக்குப் புதிதன்று. 1942 ஏப்ரல் 6-இல் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியபின் சென்னை நகரமே காலியாயிற்று. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. கூண்டு உடைந்தால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் மிருகக்காட்சிசாலையின் புலி, சிங்கம் முதலியவை சுடப்பட்டன. அஞ்சியவர்கள் அஞ்சத்தக்க காரியத்தைச் செய்தார்கள். இங்கிலாந்தில் 1939 செப்டம்பர் தொடக்கத்தில் சில நாட்களிலேயே ஏறத்தாழ 15 லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, நகரங்களிலிருந்து அப்புறப்படுத்தினர். அதற்குப் பல மாதங்கள் முன்பே ஊர்ப்புறங்களில் வீடுவீடாகச் சென்று அறைகளைக் கணக்கெடுத்திருந்தனர்; ஆசிரியர்கள் தம் மாணவர்களோடு உடன்சென்றனர். எல்லாம் செம்மையாக நடந்ததென்று சொல்வதற்கில்லை. பல பிள்ளைகள் துன்பப்பட்டனர். எனினும் யாரும் இரவில் தெருவில் நின்று அறை கேட்கவேண்டியதில்லை என்று முன்கூட்டி நினைத்தார்கள்.

எங்கள் பள்ளத்தாக்கு வந்தவர்களால் ஆனது. கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன் இங்கு வந்து ஊன்றியவை. 1895-இல் முல்லைப் பெரியாற்று நீர் திரும்பியபின் இன்னும் பலர் வந்தனர். 2011 டிசம்பரில் அந்த அணையைப் பற்றிய பூசல் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி மலையிறங்கி இங்கு வந்தன. உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கச் செய்தவருள் ஒருவரான அச்சணந்தி முனிவரும் ஊர் ஊராக நடந்தவரே. அவர் பெயர் ஆனைமலையிலும் ஐவர்மலையிலும் காணப்படுகிறது.

"உள்ளூர் ஏழைக்கே தண்ணீர் இல்லை, வருகிறவனுக்கு எங்கே?" என்ற வினாவை நான் இகழமாட்டேன். நகரத்தாருக்கு முதல் குடம், கூலிக்காரிக்குக் கடைசிக் குடம் என்றால் அது தானமே அன்று. ஆகையால் தண்ணீர், கழிப்பிடம் இவ்விரண்டையும் முதலில் எண்ணவேண்டும். ஐந்து சமிதிகளுள் ஐந்தாவது, கழிவை உயிர்களுக்கு ஊறின்றி நீக்குவது பற்றியதன்றோ? நெடுநோய்க்கான மருந்து, குழந்தைகளின் படிப்பு ஆகியவை அடுத்தவை. வந்தவர்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும். பத்து நாளுக்குமேல் விருந்தினராகவே இருப்பது இருபுறமும் கசப்பை விளைக்கும். இவற்றையெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும் என்பாருக்கு, எங்கள் தெருவில் கட்டையை நட்டது அரசன்று என்பதை மட்டும் நினைவூட்டுவேன்.

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கங்களில் நம்மவர் வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்பதை வாசகர்கள் அறிவர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சாவியும் அவர்களோடு இருக்கிறது. 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது தவித்தவர்களுள் அவர்களும் உண்டு. பொருள்வரைதல் என்னும் அணுவிரதத்தை ஏற்றவர், ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் வீட்டை எக்கணக்கில் எழுதுவார்? சாவியொன்றை ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைப்பதும், கிணற்றையும் கழிப்பறையையும் பழுதின்றி வைப்பதும் பெருஞ்செலவு ஆகாது.

என் கணவர் மறைந்துவிட்டார். மாடி அறைக்கு வெளிப்புறமாகத் தனிப் படிக்கட்டு வைத்து, குளியலறையும் கட்டியாயிற்று. சாவி அந்த மாணவியின் தாயாரிடம் இருக்கிறது. அவர் அதை வாங்கிக்கொண்டபோது ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.