வலிக்காதவர் சொல்லும் வலி

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, கண்ணமங்கலத்தில் பஸ் ஏறி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வரும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாணவர்கள் அடுத்தடுத்து வயிற்றை அழுத்துகிறார்கள். “வலிக்குதா பாட்டி?” “இல்ல சாமி.” வலிக்கத்தான் செய்கிறது. வேண்டாம் என்றால் வைத்தியம் பார்க்காமல் போய்விடுவார்களோ என்ற பயம்.

இப்படி ஒரு ஏழை உடம்பில் பழகுவது நியாயமா? 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஒருவரைப் பயிற்றுவித்தார். இந்தியாவிலும் 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நோயாளியிடம் பேசுவதைத் தனிப் பாடமாக்கியது. அதைக் கற்பிக்க இப்படிப்பட்ட நடிகர்கள் ஒரு வழி.

நடிப்பு பொய்தானே என்பீர்கள். சரி. ஆனால் முடிந்ததும் அவரால் சொல்ல முடியும்: “தம்பி, நீங்க என் முகத்தையே பாக்கல.” பாட்டி இதை ஒருநாளும் சொல்லமாட்டாள். உண்மையைப் பேசும் தைரியம் பொய் நோயாளிக்குத்தான் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. நடிகரிடம் காட்டும் கனிவுக்கு மதிப்பெண் உண்டு. பாட்டியிடம் காட்டினால் யாரும் போடப்போவதில்லை. அங்கேயும் அந்த மாணவர் கையை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தால், நடிகரிடம் படித்தது வீண்போகவில்லை.