வாழும் விலையும் வந்துபோகும் விலையும்

கடைக்காரர் ஒரு தொகையைக் கேட்கிறார். வாங்குபவர் அதைக் கொடுக்கிறார். இருவர் மனமும் இசைந்த அத்தொகையே விலை. கணக்குப் பாடம் விலைக்குக் கூறும் இலக்கணம் இவ்வளவே. இதில் குற்றம் காண இயலாது. ஆயின், கடை முன் நிற்பவர் இருவர் எனக் கொள்க. ஒருவர் இரண்டு நாள் தங்கிச் செல்ல வந்தவர். மற்றவர் கண்மூடும்வரை அவ்வூரிலேயே இருக்கப் போகிறவர். இருவரிடமும் கேட்கப்படுவது ஒரே தொகைதான். முன்னவர்க்கு அது விடுமுறைச் செலவு. பின்னவர்க்கு அது வாழ்க்கைச் செலவு. இவ்விருவரிடமும் ஒரே விலை கேட்பது நேர்மையா? நேர்மையே என்றால், பின்னவர் மனம் ஏன் ஆறவில்லை?

இவ்வினாவை ஏட்டில் படிக்காமல் நாள்தோறும் வாழ்ந்து பார்க்கும் மக்கள் கேமரன் மலையில் இருக்கிறார்கள். பகாங் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் அமைந்த அம்மலைநாடு, 1885இல் அங்கே நில அளவைக்குச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. ஆயினும் அவருக்குப் பின் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்து, மலைவாழிடம் அமைக்க ஏற்ற இடம் எனக் கண்டார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையும் அக்காலத்திலேயே போடப்பட்டது. ஆகத் தோட்டமும் சாலையும் சுற்றுலாவும் ஒரு தலைமுறையில் பிறந்த பிள்ளைகள் எனலாம். சமவெளியின் வெப்பம் தாங்காமல் குளிர் தேடிய வெள்ளையரும், காடு திருத்தித் தேயிலைக் கன்று நட்ட தமிழரும் ஒரே சாலை வழியே ஏறினர். ஒருவர் செலவிட ஏறினார். ஒருவர் சம்பாதிக்க ஏறினார். நெடுங்காலம் இவ்விருவர்க்கும் ஒரே கடையில் வேலை இருந்ததில்லை. அவர் தானா ராத்தாவின் விடுதியில் இருந்தார். இவர் பள்ளத்தாக்கின் லயத்தில் இருந்தார்.

அந்த லயத்து வாழ்க்கையை முதியோர் இன்று நினைவுகூரும்போது ஒரு சொல் தவறாமல் வருகிறது: 'தோட்டத்தில் செலவே இல்லை'. அது முழுப் பொய்யன்று. வீட்டுக்கு வாடகை இல்லை. குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகலாம். கோயில் எட்டிய தொலைவில். தமிழ்ப்பள்ளி பிள்ளைகள் நடந்து போகும் தொலைவில். வீட்டுக்குப் பின்னே நாலடி மண் இருந்தால் கீரை, அவரை, மிளகாய். தோட்டக் கடையில் பற்று எழுதிச் சம்பள நாளில் தீர்த்துவிடலாம். தொழிலாளர்க்கு வீடமைத்துத் தருவது முதலாளியின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாக மட்டும் விடப்படவில்லை. அவ்வீட்டின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்க 1966இல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் அதன் இடத்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

செலவு இல்லை என்பது உண்மை. விலை இல்லை என்பதுதான் உண்மையன்று. வீடு வேலையோடு வந்தது, ஆதலால் வேலையோடு போகும். கூரை ஒழுகினாலும், அடுத்த அறையில் மகனுக்குத் திருமணம் முடித்து இடம் போதாமற் போனாலும், 'வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல வழியில்லை. கூலி போதவில்லை என்று வாதிடுபவன், தன் தலைக்கு மேலுள்ள கூரையையும் பந்தயம் வைத்தே வாதிட வேண்டியிருந்தது. காசாகக் கொடுக்கப்படாத வாடகை பணிவாகக் கொடுக்கப்பட்டது.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. அது பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி, தொழிலாளி கையில் பணமாகப் பெறும் ஊதியத்தைக் கொண்டே சந்தாவைக் கணக்கிடுகிறது. கூலி குறைவு எனப் பேச்சு எழும்போதெல்லாம் 'வீடு இலவசம், தண்ணீர் இலவசம்' என்று அவையும் ஊதியத்தின் பகுதியாக எண்ணிக் காட்டப்பட்டன. ஆயின் சேமநிதிக் கணக்கில் வீட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு காசும் ஏறவில்லை. முப்பது ஆண்டு ஒரு தாய் மலிவாக வாழ்ந்தார் எனில், அந்த மலிவிலிருந்து முதுமைக்கு என்று எதுவும் மிஞ்சவில்லை. மலிவைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது.

தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்தல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிகழ்கிறது. சிலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும் விடுதி வேலைக்காகவும் இளவயதிலேயே வெளியேறினர். கைக்கூடைக்குப் பதிலாக வெட்டும் கருவிகள் வந்தன. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வந்தனர். லயங்களில் தமிழ்க் குரல் குறைந்தது. ஆனால் கடைசிவரை தங்கியவர்க்கும் ஓய்வு வயது வருகிறது. 2013 ஜூலை முதல் நாளிலிருந்து நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது. ஓய்வு பெற்றதும் வேலையோடு வந்த வீடும் கைவிட்டுப் போகிறது. சம்பளம் நிற்கும் அதே வயதில் வாடகை தொடங்குகிறது. வாழ்நாளெல்லாம் வாடகை அறியாத ஒருவர், வருமானம் இல்லாத காலத்தில் முதன்முதலாக வாடகை வீடு தேடித் தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ ரிங்லெட்டுக்கோ வருகிறார். வழித்தொலைவு சில கிலோமீட்டரே. விலைத்தொலைவை அளக்கத்தான் கோல் இல்லை.

அந்நகரங்களில் வீட்டு வாடகை எவ்வாறு அமைகிறது என்பதை எந்த ஐந்தாம் வகுப்பு மாணவனும் கணக்கிட்டுவிடலாம். ஒரு வீட்டை மாதத்திற்கு ஒரு குடும்பத்திடம் விடலாம். அல்லது இரவுக்கு இவ்வளவு என்று பயணியரிடம் விடலாம். நான்கு வார இறுதிகளில் பயணியர் தரும் தொகை ஒரு மாத வாடகையை மிஞ்சுமானால், வீட்டுக்காரர் குடும்பத்தை ஏன் தேட வேண்டும்? குடும்பம் என்றால் குழாய் பழுது, சுவரில் ஆணி, ஒரு மாதம் தவணை கேட்கும் முகம். பயணியர் என்றால் திங்கட்கிழமை வெறும் வீடு. புதிய வீடுகள் கட்டிக் குவிக்கவும் மலை இடந்தருவதில்லை. செங்குத்துச் சரிவும் வனக்காப்பு நிலமும் போக எஞ்சிய சமதளம் சிறிது. அச்சிறு நிலத்தை விடுதியும் கடையும் காய்கறித் தோட்டமும் வீடும் பங்குபோட வேண்டும். அரிசி, எண்ணெய், கடல் மீன் ஆகியவை லாரியில் மலையேறி வரவேண்டும். முட்டைக்கோசும் தக்காளியும் அங்கேயே விளைகின்றன; அந்த ஒன்றில் மட்டும் இல்லத்தரசிக்குச் சிறிது ஆறுதல் உண்டு என்க.

இனி, குற்றவாளி யார்? பயணி அல்லர். அவரும் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடியில் ஆண்டெல்லாம் உழைத்து இரண்டு நாள் குளிர்காற்று வாங்க வந்தவர். கடைக்காரரைக் கேட்டால், 'கடை வாடகை ஏறிவிட்டது. தேநீர் விலையை ஏற்றாமல் என்ன செய்வது?' என்பார். 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்னும் பொருளியலறிஞர் இதை மறுபுறமாகத் திருப்பினார். நிலவாடகை ஏறுவதால் தானிய விலை ஏறவில்லை. தானியம் அதிக விலைக்குப் போவதாலேயே நிலவாடகை ஏறுகிறது என்பது அவர் கொள்கை. அதை இங்கே பொருத்தினால், பயணியரின் பணப்பை முதலில் வருகிறது. வாடகை அதன் நிழலாகப் பின்னே வருகிறது. தேநீர்க்கடைக்காரரிடம் இக்கொள்கையை விளக்கினால் அவர் சிரிப்பார். மாதத்தின் முதல் நாள் வாடகை கேட்டு வருபவர் நிழலாக வருவதில்லை!

இவ்வினாவின் மிகக் கடினமான பகுதி வேறோரிடத்தில் இருக்கிறது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன், தம்பி இருவரை எண்ணிப் பார்க்கலாம். அண்ணன் சிறுகச் சேர்த்து ஒரு வாகனம் வாங்கிப் பயணியரை ஏற்றிச் செல்கிறார். வீட்டின் முன்னறையையும் விடுமுறைக் காலத்தில் வாடகைக்கு விடுகிறார். தம்பி ஒரு விடுதியில் மாதச் சம்பளத்திற்குப் பணிபுரிகிறார். கூட்டம் பெருகினால் அண்ணன் வீட்டில் மகிழ்ச்சி. தம்பி வீட்டில் வாடகை உயர்வு. விலை ஏறுவதை வெறுப்பதா வரவேற்பதா என்று அவர்களுடைய தாயைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? விற்பவர் ஏறிய விலையை அடுத்தவர் தோளுக்கு மாற்றிவிடலாம். ஊதியத்தில் வாழ்பவர்க்கு மாற்றத் தோள் இல்லை. அவரே கடைசித் தோள்.

வள்ளுவர் வாணிகம் செய்வார்க்குரிய அறத்தைக் கூறும் குறளைப் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். வாணிகத்துக்கும் துலாக்கோலே அளவு என்பது அவர் கருத்துப் போலும். துலாக்கோலுக்கு இரண்டு தட்டுகள் வேண்டும். ஒரு தட்டில் ஊரின் விலை இருக்குமானால், மறுதட்டில் அவ்வூரின் ஊதியம் இருக்க வேண்டும். கேமரன் மலையில் இவ்விரண்டும் ஒரே ஊரில் நிறுக்கப்படவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2020 பிப்ரவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய ஆணை, மாநகர் மன்ற, நகராண்மைக் கழகப் பகுதிகளுக்கு மாதம் 1,200 வெள்ளி என்றும், ஏனைய பகுதிகளுக்கு 1,100 வெள்ளி என்றும் வகுத்தது. கேமரன் மலையை ஆள்வது மாவட்ட மன்றம். ஆகவே ஊதியப் பட்டியலில் அது நாட்டுப்புறம்! விடுதி அறையின் விலைப்பட்டியலைப் பார்த்தவர் எவரும் அதை நாட்டுப்புறம் என்று எண்ணியிரார். நூறு வெள்ளி பெரிதா என்று கேட்கலாம். தொகை பெரிதன்று, அத்தொகைக்குப் பின்னிருந்த எண்ணமே கவனிக்கத்தக்கது. வாங்கும்போது நகரவாசி, பெறும்போது நாட்டுப்புறத்தான் என்று ஒரே மனிதன் இரு வேறாக எண்ணப்பட்டான். இந்த வேறுபாடு 2022 மே மாத ஆணையில் நீங்கி, நாடு முழுமைக்கும் 1,500 வெள்ளி என்றாகி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. குறை ஒன்று நீங்கியது என மகிழலாம். ஆனால் ஒரே அளவு ஊதியம், ஒரே அளவு விலையுள்ள நாட்டில்தான் நடுவு நிலைமையாகும்.

உள்ளூரார்க்கு ஒரு விலை, வெளியார்க்கு ஒரு விலை என்பது அறத்துக்கு மாறானதா? உலகம் அப்படி நினைப்பதாகத் தோன்றவில்லை. மலேசியாவில் பல பார்வையிடங்களில் அடையாள அட்டை காட்டினால் நுழைவுக் கட்டணம் குறைகிறது. எவரும் முகம் சுளிப்பதில்லை. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில், குறிப்பிட்ட நாள்களில் பகற்பொழுதுக்கு மட்டும் வந்துபோவோரிடம் 5 யூரோ பெறத் தொடங்கியது; அங்கு வாழ்வோரிடம் அதைப் பெறவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்குச் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் முன்பதிவு அனுமதி கட்டாயமானது. வேடிக்கை பார்க்க இரண்டு விலையை ஏற்றுக்கொண்ட மனித மனம், குடியிருக்க இரண்டு விலை என்றால் தயங்குகிறது. சந்தையின் விதி குலைந்துவிடும் என்று அஞ்சுகிறது. பார்க்கும் மாடத்தில் குலையாத விதி படுக்கும் பாயில் எப்படிக் குலையும்?

இலங்கையின் நுவரெலியாவிலும் இதே குளிர், இதே தேயிலை, இதே தமிழ், இதே சுற்றுலா. அங்கே மலையகத் தமிழர் நெடுநாளாகக் கேட்டுவருவது மலிவான வீட்டை அன்று. தம் பெயரில் எழுதிய நிலத்தை. லயத்துக்கு மாற்றாக ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும் அதில் ஒரு தனிவீடும் என்னும் திட்டம் அக்கோரிக்கையின் சிறு பயன். ஏழு பேர்ச் என்பது எண்ணிப் பார்த்தால் ஒரு சிறு முற்றம். ஆனால் தன் வீட்டில் இருப்பவனை ஊரின் விலையேற்றம் வாசல்வரை வந்து அழைத்தாலும் வெளியே இழுக்க இயலாது. மலேசியத் தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு என்ற கோரிக்கையும் பழையதே.

சுங்கை பாலாஸ் தோட்டத்தில் பயணியர்க்கென்று ஒரு பார்வை மாடம் உண்டு. அங்கு அமர்ந்து தேநீர் அருந்தியபடி எதிர்ச்சரிவைப் பார்ப்போர், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என வியக்கின்றனர். தேயிலை தானாக அப்படி வளர்வதன்று. கவாத்து இன்றி விட்டால் அது மரமாக ஓங்கிவிடும். இடுப்பளவில் நிறுத்தி, நிரையாகப் பேணி, கிழமைதோறும் கொழுந்து கிள்ளிக் கிள்ளித்தான் அந்தக் கம்பளம் நெய்யப்பட்டது. அந்த அழகைக் காணவே கூட்டம் வருகிறது. கூட்டம் வருவதாலேயே விடுதி எழுகிறது. விடுதி எழுவதாலேயே வாடகை ஏறுகிறது. முப்பது ஆண்டு அச்சரிவில் நின்று அதைச் செதுக்கிய பெண், இன்று பிரிஞ்சாங்கின் ஒரு மாடி வீட்டில் மாதத்தின் முதல் நாள் அந்த வாடகையைக் கட்டுகிறார். அவருடைய கைவேலையே விலையாகி அவரிடம் திரும்பி வருகிறது. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தாப்பா சாலையிலும் சிம்பாங் பூலாய் சாலையிலும் வண்டிகள் ஊர்ந்து வரும். அவர் வெள்ளிக்கிழமைக்கு முன்பே அரிசியும் மீனும் வாங்கி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்கிறார்.