கறுப்புக் கல்லின் ஊர்

தாத்தா சேர்த்துவைத்த கனிமப் பெட்டி பேரன் கைக்கு வருகிறது. அதில் பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோன ஒரு துண்டு, அதன் அளவுக்குப் பொருந்தாத கனத்தோடு இருக்கிறது. ‘இது என்ன உலோகம்?’ என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. பதில் கிடைத்துவிடும். காற்றில் ஒருமுறை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை பார்த்தால் அடர்த்தி தெரியும். துத்தநாகம் 7.1, வெள்ளி 10.5, ஈயம் 11.3. தங்கமும் டங்ஸ்டனும் 19.3இல் ஒன்றாக நின்றாலும் நிறம் பிரித்துக் காட்டிவிடும்.

அவசரமும் இல்லை; ஒரு கல் தன் பதிலோடு பல ஆண்டுகள் காத்திருந்ததுண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட்டின் ஆளுநராக இருந்த ஜான் வின்த்ராப் கனிமங்கள்மேல் தீராத ஆர்வம் கொண்டவர். அதே பெயர் கொண்ட அவருடைய பேரன், 1734இல் நூற்றுக்கணக்கான கனிமத் துண்டுகளை லண்டனிலிருந்த சேகரிப்பாளர் ஹான்ஸ் ஸ்லோனுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று, கனத்த கறுப்புக் கல். 1753இல் ஸ்லோன் இறந்தபின் அவருடைய சேகரம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தக் கல் யார் கண்ணையும் உறுத்தாமல் அங்கே கிடந்தது. 1801இல் வேதியியலாளர் சார்லஸ் ஹாட்செட் அதில் சிறிது எடுத்துச் சோதித்தார். அதுவரை எவரும் அறியாத உலோகம் ஒன்று அதற்குள் இருப்பதாகச் சொல்லி, கொலம்பியம் என்று பெயரிட்டார்.

1809இல் வொல்லாஸ்டன் என்ற வேதியியலாளர் அதை மறுத்தார். கொலம்பியம் கிடைத்த கனிமமான கொலம்பைட்டின் அடர்த்தி 6க்கு அருகில், டாண்டலம் என்ற வேறோர் உலோகத்தின் கனிமமான டாண்டலைட்டின் அடர்த்தி 8க்கு அருகில். இவ்வளவு வேறுபாடு தெரிந்தும், இரண்டிலும் இருப்பது டாண்டலம்தான் என்று முடிவுகட்டினார். எனக்கு இந்த இடம் மனதை உறுத்துகிறது. கல் தன் கனத்தாலேயே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது ஏற்கப்பட, 1844இல் வேதியியலாளர் ஹைன்ரிஷ் ரோஸின் ஆய்வு வரவேண்டியிருந்தது. கொலம்பியத்துக்கு அவர் வைத்த நயோபியம் என்ற பெயர் 1950இல் அதிகாரப்பூர்வமானது. இன்று எம்.ஆர்.ஐ. காந்தங்களின் மீகடத்துச் சுருள்களில் இருப்பது அந்த உலோகமும் டைட்டானியமும் சேர்ந்த கலவை.

ஆனால் அந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தார்கள்? ‘நாட்நீக்’ என்பதுபோல ஓர் ஊர்ப்பெயர் மட்டும் எழுத்தில் மிஞ்சியிருக்கிறது. அது எந்த இடம் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. எந்தச் சோதனைச்சாலையாலும் அதை அனுப்பிய வின்த்ராப்பின் வாயிலிருந்து அந்த ஒரு விவரத்தை வாங்கித் தர முடியாது. ஒரு பொருளின் இயல்பு அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது; அது கடந்துவந்த வழி, அதைக் கையில் எடுத்த மனிதரோடு போய்விடுகிறது.

ஆகவே, பெட்டியைப் பெற்றவர் தராசைத் தேடுமுன் பாட்டியைத்தான் கேட்க வேண்டும்: தாத்தா எந்தச் சுரங்கத்துக்குப் போவார், யாரிடம் வாங்குவார், எந்த ஊரிலிருந்து பொட்டலம் வரும்? கல்லைச் சுற்றியிருந்த செய்தித்தாளைக் கசக்கி எறியக் கூடாது. அதில் தேதி இருக்கும். சேகரிப்பாளர்கள் கல்லின் அடியில் வெள்ளைப் பூச்சிட்டு மையால் எண் எழுதுவது வழக்கம், அதே எண் ஏதாவதொரு பழைய நோட்டில் இருக்கக்கூடும். தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே கல்லிலுள்ள எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும், மை கரைந்துவிடக்கூடும்.