ஓசூரில் ஒரு கெனில்வொர்த்

இன்று சிப்காட் ஆலைகளால் அறியப்படும் ஓசூரில், பழைய சேலம் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த பிரெட் என்னும் ஆங்கிலேயர், 19-ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை மாதிரியாகக் கொண்ட மாளிகை ஒன்றை எழுப்பினார் என்பதும், அத்தகைய கோட்டை இருந்தால்தான் இந்தியாவுக்கு வருவேன் என்று ஒரு பெண் பிடிவாதம் பிடித்ததே அதற்குக் காரணம் என்பதும் உள்ளூர் வழக்கு. (பின்னதைச் செவிவழிச் செய்தியாகவே கொள்ளுதல் நலம்.)

இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது, வால்டர் ஸ்காட் 1821-இல் வெளியிட்ட 'கெனில்வொர்த்' என்னும் வரலாற்றுப் புதினம். அதாவது, நடந்த நிகழ்ச்சிகளோடு கற்பனையைப் பின்னிச் செல்லும் கதை. முதலாம் எலிசபெத் அரசியின் தயவால் உயரத் துடிக்கும் லெஸ்டர் பிரபு, ஏமி ராப்சார்ட் என்பவளை மணந்ததை மறைக்கிறான். அவனுடைய கையாள் வார்னி, ஏமி தன் மனைவி என்று அரசியின் முன்னிலையில் துணிந்து பொய் சொல்லும்போது, உண்மைக் கணவனோ வாய் திறவாமல் நிற்கிறான்.

வரலாற்றில் ஏமி இறந்தது 1560-இல். அரசி கெனில்வொர்த்தில் பெருவிருந்து கண்டது 1575-இல். இடைப்பட்ட 15 ஆண்டுகளை ஸ்காட் தயங்காமல் விழுங்கியதை வரலாற்றாசிரியர் பொறுக்கமாட்டார் எனினும், மனைவியையும் அரசியையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்த அவருக்கு வேறு வழியில்லை. விருந்தின் ஆடம்பர வருணனைகள் இன்று சலிப்பூட்டக்கூடும். பதவிக்காக மனைவியை மறுக்கும் அந்த மௌனமே நாவலின் ஆகச்சிறந்த இடம்.