கண்ணாடிப் பேழையும் கஞ்சித் தேக்சாவும்

பழம்பொருள் ஒன்றைக் காப்பது என்றால் என்ன? எவர் கையும் படாமல் அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதா? தேய்ந்தாலும் தேயட்டும் என்று வருவோர் கையில் கொடுப்பதா? அருங்காட்சியகம் நடத்துவோரின் சில்லறைச் சிக்கலாக இது தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. முன்னோர் விட்டுச் சென்றதில் இன்றைய பிள்ளைக்கு எவ்வளவு உரிமை, இனிப் பிறக்கும் பிள்ளைக்கு எவ்வளவு உரிமை என்னும் நீதி வழக்கே இதனுள் அடங்கியிருக்கின்றது.

இங்கிலாந்தில் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் 2021ஆம் ஆண்டு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ‘இந்த அருங்காட்சியகம் வழக்கொழிந்தது (அன்று)’ என்பது அதன் குறும்பான பெயர். பழைய தொலைபேசி இணைப்பகப் பொறிகளையும், சிந்தசைசர் எனப்படும் மின்னிசைக் கருவிகளையும் அங்கே வருவோர் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கலாம். நம் நாட்டில், 2019இல் பெங்களூரில் திறக்கப்பட்ட இந்திய இசை அனுபவ அருங்காட்சியகத்திலும் சிறுவர் தட்டி ஒலியெழுப்பி மகிழ ஓர் ஒலித்தோட்டம் உண்டு. (இசை ஆகுமா, ஆகாதா என்னும் மார்க்க வாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை, கருவியைப் பற்றியே பேசுகின்றோம்.)

வீணையைப் பேழைக்குள் கண்டவனும், தந்தி அதிர்ந்தால் நாதம் எழும் என்று ஓரளவு ஊகிப்பான். 1964இல் அமெரிக்கரான ராபர்ட் மூக் உருவாக்கிய சிந்தசைசர் அத்தகையதன்று. அதில் மின்னலைவே ஒலியாகின்றது. எந்தக் கம்பி எந்தத் துளையில் செருகப்பட்டது, எந்தத் திருகு எவ்வளவு திரும்பி நிற்கின்றது என்பதே ஒலியின் குணத்தை முடிவு செய்யும். அந்த முதற்காலக் கருவிகளுக்கு நினைவாற்றல் கிடையாது. கம்பிகளைப் பிடுங்கினால் அவ்வொலியும் போயிற்று. பேழைக்குள் அது திருகுகள் நிறைந்த ஓர் அலமாரி, அவ்வளவே.

அத்தகைய கருவி ஒன்று 1969இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு வந்துவிட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கே மின்னிசைக் கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் முதலிய நம் நாட்டுக் கலைஞர்கள் 1972 வரை அதில் புத்தொலிகளைப் படைத்து நாடாக்களில் பதிந்தனர். அந்நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே இருந்தன. எனினும், பால் பர்காஸ் என்னும் ஆய்வாளர் தேடியெடுத்த பின்னரே வெளியுலகம் அவற்றை அறிந்தது. 2023இல் அவை தொகுப்பாகவும் வெளிவந்தன. நாடாக்கள் திருடு போகவில்லை, தீக்கிரையாகவும் இல்லை. பத்திரமாகவே இருந்தன. கேட்பாரற்ற அந்தப் பத்திரத்தை என்னவென்று சொல்வது?

இவ்விடத்தில் மதரஸாவில் ஓதிய ஒரு மஸ்அலா நம் நினைவுக்கு வருகின்றது. நிலத்தையும் கட்டடத்தையும் வக்ஃபு செய்யலாம். பொருள் நிலைத்து நிற்க, அதன் பயன் மக்களைச் சேரும். புழங்கப் புழங்கத் தேயும் பொருள்களை என் செய்வது? ‘ஹிதாயா’ ஓதியவர் அறிவர்: மக்கள் வழக்கத்தில் உள்ள கோடரி, வாய்ச்சி, ரம்பம், சந்தூக்கு, சமையல் பாத்திரம், குர்ஆன் பிரதி ஆகியவற்றையும் வக்ஃபு செய்யலாம் என்றார்கள் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள். ரம்பம் அறுத்தால் தேயும் என்பது அவர்கள் அறியாததன்று. அறுக்காத ரம்பத்தை யாருக்காக அமானிதமாக வைப்பது?

எழுமலை போன்ற நம் பக்கத்து ஊர்களின் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் செம்புத் தேக்சாக்களைப் பாருங்கள். அவற்றை அறையில் பூட்டினால் களிம்பேறும். ஆண்டுதோறும் அடுப்பேற்றி, ஈயம் பூசிப் புழங்கினால் தலைமுறைகள் கடந்தும் உழைக்கும். மின் கருவிக்கும் இதே கதிதான். நெடுநாள் மின்சாரம் பாயாவிட்டால் சிலவகை மின்தேக்கிகளின் உட்படலம் நலிகின்றது. திருப்பப்படாத திருகில் அழுக்கேறி, ஒலி கரகரக்கின்றது. தொட்டால் தேய்வது போலவே தொடாவிட்டாலும் கெடும். அன்றியும், ஈயம் பூசுகின்றவர் ஊரில் இல்லையென்றால் தேக்சா இருந்தும் பயனில்லை. பழுது பார்க்கும் கையையும் சேர்த்துக் காப்பாற்றாத அருங்காட்சியகத்தை நாம் பாதி அருங்காட்சியகம் என்றே சொல்வோம்.

ஆனால் உலகில் ஒன்றே ஒன்று எஞ்சிய பொருளாயின்? அதனையும் ஆயிரம் பிள்ளைகள் திருகட்டும் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அதற்கும் முன்னோர் வழி காட்டியிருக்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், நீரின் விசையால் தானே ஊதும் குழற்கருவி ஒன்றை விவரித்து எழுதினர். முள் பதித்த உருளை ஒன்று சுழன்று குழலின் துளைகளைத் திறந்து மூடும். மனிதக் கையின்றி இசைக்கும் பொறிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அதனைச் சொல்லலாம். அவர்கள் காலத்துப் பொறி நமக்குக் கிட்டவில்லை, எழுத்து கிட்டியிருக்கின்றது. பெயர்த்தெழுதுவோர் கை மாறி வந்ததால் கிட்டியது. பேரறிஞர் ஃபுவாத் செஸ்கின் அவர்களும் இத்தகைய அரபு நூல்களைக் கொண்டு பழங்கருவிகளை மீளச் செய்வித்தார். 2008இல் இஸ்தான்புல்லில் அவற்றுக்கென அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒன்றே உள்ளதைப் படியெடுத்து, மூலத்தைப் பேழையில் வைத்து, படியைப் பிள்ளையின் கையில் கொடுப்பதே நேர்மையான பங்கீடு என்று நமக்குப் படுகின்றது.

இதற்கு இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. நம் வீட்டுப் பரண்களில் வால்வு ரேடியோக்களும் கேசட் பெட்டிகளும் பழைய இரும்புக்காரருக்காகக் காத்துக் கிடக்கின்றன. அவை ஒன்றே ஒன்று எஞ்சியவை அல்ல. பிள்ளை திறந்து பார்க்கக் கேட்டால் கொடுக்கலாம். ஒன்று மட்டும்: வால்வு ரேடியோவின் மின்தேக்கியில், இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும். அதனை எப்படி இறக்குவதென்று அறிந்த பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரை முதலில் வீட்டுக்கு அழையுங்கள்.